கசகசாவில் கூழ் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: சர்பத்துக்குக் கசகசா ஊறப்போட்டால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி கூழ் வந்துவிடுகிறது. கடையில் ஏதும் பூசி விற்கிறார்களா? மிச்சத்தை முற்றத்து மணலில் போட்டால் முளைக்குமா? அம்மப்பாவுக்கு மலச்சிக்கல், அவருக்குக் கொடுக்கலாமா ஐயா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பூச்சு ஒன்றும் இல்லை, தங்கச்சி. நாங்கள் கசகசா என்று வாங்குவது திருநீற்றுப்பச்சையின் விதை. அதன் மேல்தோல் கலங்களுக்குள் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் காய்ந்து அடங்கிக் கிடக்கின்றன. தண்ணீர் பட்டதும் உப்பி, கலச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன.

ஊறிய விதை ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துக் காயவிட்டுப் பாருங்கள். கூழ் மெல்லிய தோலாகச் சுருங்கி விதையைத் தாளோடு ஒட்டிவிடும். நகத்தால் கிளப்பினால்தான் வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி உப்பும். மண்ணிலும் இதுதான் நடக்கிறது. தூறலில் நனைந்த விதை வெயிலில் காய்ந்து மணலைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு மழை லேசில் அடித்துப் போகாது, காற்றும் தூக்காது. எறும்புகூடத் தடுமாறும்! அமெரிக்காவில் 53 வகைத் தாவர விதைகளை வைத்துப் பார்த்தபோது, மணல் ஒட்டிய விதைகளை எறும்புகள் பொதுவாகக் குறைவாகவே எடுத்தன. ஓடிப்போக வழியில்லாத ஒரு சின்ன விதைக்கு இது எவ்வளவு பெரிய காவல்!

முற்றத்தில் தாராளமாகப் போடுங்கள். சர்பத்தில் கிடந்தது வேண்டாம், வெறும் தண்ணீரில் ஊறியது நல்லது. கூழைக் கழுவ வேண்டாம். ஆழப் புதைக்காமல் மேலே கொஞ்சம் மணல் தூவுங்கள். மாரி மழை கடுக்கும் முன்பே போட்டால் நாற்று அழுகாது.

அப்புறம் அம்மப்பா. ஊறிய கசகசா குடிக்கலாம், ஆனால் மலச்சிக்கலுக்கு நன்றாகச் சோதித்துப் பார்த்தது இசப்கோல் என்ற செடியின் விதை உமிதான். அதன் கூழ் குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும். ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். உலர்ந்தபடி வாயில் போடவே கூடாது, தொண்டையில் உப்பி அடைத்துவிடும். விழுங்கக் கஷ்டப்படுகிறவர் என்றால் டொக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். மற்றக் குளிசைகளுக்கும் இதற்கும் இடையே 2 மணித்தியாலமாவது விடுங்கள்.