விளக்கு எரிகிறது, நெட்வொர்க் வரவில்லை: சுவிட்ச் போர்ட் கேள்வி-பதில்

கேள்வி: கணினியை இயக்கியதும் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரிதான் கிடைக்கிறது. டொமைனில் நுழைய முடியவில்லை. சற்றுப் பொறுத்து முயன்றால் சரியாகிவிடுகிறது. நெட்வொர்க் கார்டு பழுதா?

பதில்: கார்டைக் கழற்றாதீர்கள். பொறுத்தால் சரியாகிறது என்கிறீர்களே, பழுதான கார்டுக்கு அந்த நல்ல புத்தி கிடையாது. கேபிள் செருகிய நெட்வொர்க் சுவிட்ச் போர்ட்டின் விளக்கு எரிந்தவுடன் சுவிட்ச் தரவை அனுப்பத் தொடங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்த இணைப்பால் வலையமைப்பில் தரவு ஓயாமல் சுற்றும் சுழல் உண்டாகுமா என்று, சுவிட்சில் ஓடும் ஸ்பேனிங் ட்ரீ என்ற பாதுகாப்பு முறை முதலில் பார்க்கும். அதன் பழைய வடிவமான 802.1டி முறையின் இயல்பு அமைப்பில், கவனிக்க 15 வினாடி, முகவரிகளை அறிய இன்னொரு 15 வினாடி. இந்த 30 வினாடிக்குள் ஐபி முகவரி கேட்டு கணினி அனுப்பும் டிஹெச்சிபி கோரிக்கைகள் போர்ட்டைத் தாண்டுவதில்லை. பதில் வராததால் விண்டோஸ் தானாகவே ஒரு 169.254 முகவரியைச் சூட்டிக்கொள்கிறது.

ஹார்ட் டிஸ்க் மெதுவாகச் சுழன்ற காலத்தில் கணினி எழுந்து வருவதற்குள் போர்ட் தயாராகிவிடும். எஸ்எஸ்டி வந்தபின் கணினி முந்திக்கொள்கிறது. புதுக் கணினிகளில் மட்டும் தொல்லை என்ற புகாரில் பாதி இதுதான்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: கணினிக்கும் அந்த போர்ட்டுக்கும் நடுவில், நிர்வாக வசதி ஏதும் இல்லாத சிறிய சுவிட்ச் ஒன்றை வையுங்கள். கணினி அணைந்து எழுந்தாலும் பெரிய சுவிட்சின் பக்கம் இணைப்பு அறுபடாது. இப்போது உடனே முகவரி கிடைத்தால் கணினி குற்றமற்றது. சிஸ்கோ சுவிட்சில் அந்த போர்ட்டுக்கு, இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைக் கொடுங்கள். பிற நிறுவனங்களின் சுவிட்சுகள் பலவற்றில் எட்ஜ் போர்ட் என்று இருக்கும்.

கேள்வி: நாங்கள் ரேபிட் ஸ்பேனிங் ட்ரீக்கு மாறிவிட்டோம். பிறகும் ஏன் தாமதம்?

பதில்: அதன் வேகம் இரண்டு சுவிட்சுகள் தமக்குள் பேசி ஒப்புக்கொள்வதால் வருவது. கணினிக்கு அந்த மொழி தெரியாது. பதில் வராத போர்ட் பழைய 30 வினாடிக்கே திரும்பிவிடும். எட்ஜ் என்று குறித்தே ஆகவேண்டும்.

கேள்வி: விண்டோஸில் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது. பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்தே கணினியைத் தொடங்கும் முறை) வழியாகத் தொடங்கினால் மட்டும் தோல்வி.

பதில்: தொடக்கத்தில் இணைப்பு ஒருமுறை மட்டும் எழுவதில்லை. பூட் ரோம் என்ற தொடக்க நிரல் நெட்வொர்க் கார்டை எழுப்பும்; அடுத்து வரும் டிரைவர் அதை மறுபடி ரீசெட் செய்யும். ஒவ்வொரு முறையும் 30 வினாடிக் கணக்கு முதலிலிருந்து ஓடும். போர்ட்ஃபாஸ்ட் இருந்தும் தோல்வி என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். சர்வரின் போர்ட்டுகள் எல்ஏசிபி முறையில் ஒரே இணைப்பாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால், பூட் ரோமுக்குப் பெரும்பாலும் எல்ஏசிபி தெரியாது. சுவிட்ச் போர்ட்டை நிறுத்தி வைத்திருக்கக்கூடும். தனி போர்ட்டாக இயங்க விடும் அமைப்பு உங்கள் சுவிட்சில் உண்டா என்று தேடுங்கள். 802.1எக்ஸ் (இணையும் கருவியைச் சரிபார்த்த பின்பே உள்ளே விடும் முறை) இருந்தாலும் இதே கதை: சிஸ்கோவின் இயல்பு அமைப்பில் 30 வினாடி இடைவெளியில் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான், அதாவது 90 வினாடி கழித்துத்தான், நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியைக் கொண்டு அனுமதிக்கும் வழிக்கே வரும். அதற்குள் பூட் ரோம் கைவிட்டிருக்கும். அந்த இடைவெளியைக் குறையுங்கள்.

கேள்வி: சுவிட்சில் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (100 எம்பிபிஎஸ், இரு திசையிலும் ஒரே நேரத்தில்) என்று நிலையாக வைத்திருக்கிறோம். லாகின் ஆமை வேகத்தில் நடக்கிறது.

பதில்: கணினி ஆட்டோவில் (மறுபக்கத்தோடு பேசித் தானே முடிவுசெய்யும் அமைப்பில்) இருந்தால் வேகத்தைக் கண்டுகொள்ளும், டூப்ளெக்ஸைக் கண்டுகொள்ளாது, ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும் என்ற ஹாஃப் டூப்ளெக்ஸில் நின்றுவிடும். சுவிட்ச் பக்கம் சிஆர்சி பிழைகள் (சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை) கூடுவதே அடையாளம். இரு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள்.

கேள்வி: எல்லா போர்ட்டுக்கும் போர்ட்ஃபாஸ்ட் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டில் கொடுத்தால் சுழலுக்கு நீங்களே கதவைத் திறந்தது போலாகும். கணினிகளின் போர்ட்டுகளிலும் பிபிடியு கார்ட் (BPDU Guard) என்ற காவல் அமைப்பைச் சேர்த்தே கொடுங்கள். யாராவது மேசைக்கு அடியில் ஒரு சுவிட்சைச் செருகி, அதிலிருந்து பிபிடியு (சுவிட்சுகள் அனுப்பும் ஸ்பேனிங் ட்ரீ செய்தி) வந்தால் போர்ட் உடனே மூடிக்கொள்ளும். சிஸ்கோவில் அப்படி மூடிய போர்ட் தானாகத் திறப்பதில்லை. தானாக மீளும் வசதியை இயக்கியிருக்க வேண்டும், அல்லது நீங்கள் போய்த் திறக்க வேண்டும்.