கண்மாய்க் கரைக்கு எந்த பைனாகுலர்?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்களும் நண்பர் குடும்பமும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாமநத்தம் கண்மாய்க்குப் பறவை பார்க்கச் செல்வதை இந்த ஆண்டு வழக்கமாக்கிக்கொண்டோம். அதற்காக, இணையத்தில் '20×50, மிகத் துல்லியம்' என்ற விளம்பரத்தை நம்பி, 1,800 ரூபாய்க்கு ஒரு பைனாகுலர் வாங்கினேன். சனிக்கிழமை பார்சல் வந்தது. மறுநாள் கரையில் நின்று பார்த்தால் ஒரு கூழைக்கடா இரண்டாகத் தெரிகிறது. காட்சி ஆடிக்கொண்டே இருக்கிறது. சிறிது நேரத்தில் தலை வலிக்கிறது. திங்கட்கிழமையே விற்பனையாளருக்கு எழுதினேன். 'இந்த வகைப் பொருளுக்குத் திரும்பப் பெறும் வசதி இல்லை' என்று பதில் வந்தது. பணத்தைப் பெற வழி உண்டா? மறுபடி வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது? என் மனைவி கண்ணாடி அணிபவர்; பிள்ளைகளுக்கு எட்டு வயதும் பன்னிரண்டு வயதும் ஆகின்றன.
— வாசகர், வில்லாபுரம்

பதில்: பணத்தைப் பெற வழி உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பொருள் பழுதானதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், விற்பனையாளர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்க முடியாது. 'திரும்பப் பெறும் வசதி இல்லை' என்று அவர் தம் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதால் இந்தக் கடமை நீங்கிவிடாது. ஓர் உருவம் இரண்டாகத் தெரிவது ஐயமின்றிப் பழுதே. உள்ளே இருக்கும் முப்பட்டகக் கண்ணாடிகள் இடம் பிசகி, இரு குழல்களும் வெவ்வேறு திசையை நோக்குகின்றன என்பதே அதன் பொருள். அவ்விரு காட்சிகளையும் ஒன்றாக்கக் கண்கள் படும் பாடுதான் உங்கள் தலைவலி.

விளம்பரப் பக்கத்தின் படம், பில், விற்பனையாளரின் பதில் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு, அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்துவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 1,800 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடுவதால்தான் அதே பெட்டி அடுத்த வீட்டுக்கும் போகிறது. எனவே புகாரையாவது அவசியம் பதிவு செய்யுங்கள்.

இனி, எதை வாங்குவது என்பது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். 20 மடங்கு என்றால் பறவை மட்டும் 20 மடங்காவதில்லை, உங்கள் கையின் நடுக்கமும் 20 மடங்காகிறது. முக்காலி இல்லாமல் அதை எவராலும் நிலையாகப் பிடிக்க இயலாது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 50ஐ 20ஆல் வகுத்தால் 2.5, 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. உங்கள் கண்ணை வந்தடையும் ஒளி வட்டத்தின் விட்டம் அது. கண்பாவை விரிந்திருக்கும் விடிகாலை மங்கலில் 8×42 தரும் வெளிச்சத்தின் நான்கில் ஒரு பங்கைக்கூட 20×50 தராது. பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ அந்த நேரத்தில்தான். பார்வைப் பரப்பும் குறுகிவிடுவதால், கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்தைப் பிள்ளைகள் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்து போயிருக்கும்.

ஆகவே 8×42 அல்லது 8×40 வாங்குங்கள். சென்ற மார்கழியில் நண்பர் ஒருவரின் 8×42 வழியாக, கூழைக்கடா ஒன்று தலையைத் தூக்கியபோது அதன் தாடைப் பையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிந்ததைக் கலுங்கில் நின்றபடியே பார்த்தேன். எட்டு மடங்கு அதற்குத் தாராளமாகப் போதும். அரிட்டாபட்டி மலைக்கும் இதுவே ஏற்றது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் பாறை முகட்டிலிருந்து கிளம்பும் வேகத்தைத் தொடர்ந்து பார்க்க, அகன்ற பார்வைப் பரப்பு வேண்டும்.

'ஜூம்' உள்ளதையும், முன்கண்ணாடி மாதுளை முத்துப்போலச் சிவந்து மின்னுவதையும் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், பறவையின் உண்மையான நிறம் உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் மனைவிக்காக, கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி தரும் மாடலா என்றும், கண் வளையம் உள்ளே இறங்குகிறதா என்றும் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளையைக் கடைக்கே அழைத்துச் செல்லுங்கள். சிறு முகத்துக்கு இரு குழல்களும் போதுமான அளவு நெருங்கி வராவிட்டால், அந்தப் பிள்ளை ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்தாயிரம் ரூபாயிலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும். அந்த விலையில், பட்டகங்கள் நேர்குழலில் அடங்கியதைவிட, தோள் புடைத்த பழைய வடிவத்தில் உள்ளதே பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. இரண்டு மட்டமானவற்றை வாங்குவதைவிட ஒன்றை நல்லதாக வாங்கி முறை வைத்துப் பாருங்கள்; சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடை வாசலுக்கு வந்து, தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். அதன் கம்பிகள் பிசிறில்லாமல் ஒன்றாகத் தெரிய வேண்டும். பிறகு கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பின்கண்ணாடியைப் பாருங்கள்; அங்கே தெரியும் ஒளிப் புள்ளி முழு வட்டமாக இருந்தால் உள்ளிருக்கும் பட்டகம் தரமானது, ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் இருந்தால் மட்டமானது.

கேள்வி: கடையில் வாங்கிய பைனாகுலரின் உள்ளே இரண்டு வாரத்திலேயே ஆவி படிகிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
— வாசகி, திருமங்கலம்

பதில்: அந்த வரி பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாத நிலையில், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்க இது உதவாது; உங்களுடையது அப்படி அல்ல. எனினும் ஒன்றைப் பாருங்கள்: பெட்டியில் 'நீர் புகாதது' என்று போட்டிருக்கிறதா? இருந்தால் உங்கள் கோரிக்கை மிகவும் வலுவாகிறது. அந்தப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். இறக்குமதியாளரின் முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அதில்தான் இருக்கும், கடிதம் எழுத அந்த முகவரி தேவைப்படும். கடையில் முடிவு தெரியும்வரை நீங்களோ தெரிந்தவரோ திருகாணியைக் கழற்றித் துடைக்க வேண்டாம். திறந்த தடயம் இருந்தால், பழுது உங்களால் வந்தது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.