மூன்று பிரசவத் தேதி சொல்கிறார்கள், எது சரி?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். முதல் பிள்ளை. கடைசி மாதவிடாய் ஜனவரி 5. கிளினிக்கில் அக்டோபர் 12 என்று எழுதினார்கள். மார்ச் கடைசியில் ஸ்கேன் எடுத்துவிட்டு அக்டோபர் 20 என்றார்கள். ஆகஸ்ட் கடைசியில் தனியாரிடம் எடுத்த ஸ்கேனில் அக்டோபர் 4 என்று வந்திருக்கிறது. எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். எதை நம்புவது?

பதில்: அக்டோபர் 20. மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள்.

நம் பாட்டிமார் சொல்லும் பத்து மாதத்தில் ஒவ்வொரு மாதமும் 28 நாள். மொத்தம் 280 நாள். ஜனவரி 5-லிருந்து எண்ணினால் அக்டோபர் 12 வரும். ஆனால் அந்தக் கணக்கு 28 நாள் சுழற்சிக்கு. உங்களுக்கு 35 நாள் என்பதால் கரு ஒரு வாரம் பிந்தித் தரித்திருக்கும். முதல் ஸ்கேனும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. 14 வாரத்துக்குள் தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தால் ஐந்தாறு நாளுக்கு மேல் பிசகாது, அந்த வயதில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்வதால். 32 வாரத்தில் அப்படியில்லை. ஒரு பிள்ளை பருமன், இன்னொன்று ஒல்லி. மூன்று வாரம்கூட முன்பின் காட்டும்.

எனவே கடைசி ஸ்கேன் சொல்வது தேதியை அல்ல, பிள்ளையின் பருமனை. பிள்ளை ஏன் பெரிதாக இருக்கிறது என்று மிஸ்ஸியிடம் (கிளினிக் தாதியிடம்) கேளுங்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் சர்க்கரைத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால் உடனே செய்யுங்கள். பிள்ளை சிறிதாகத் தெரியும்போது தேதியைத் தள்ளிப் போடுவது, பெரிதாகத் தெரியும்போது முன்னே இழுப்பதைவிட ஆபத்து. வளர்ச்சி நின்றுபோன பிள்ளையை அது மறைத்துவிடும்.

ஜனவரி 5 என்பது இரத்தம் பட்ட முதல் நாள்தானா? நம் பெண்கள் பலருக்கு நினைவில் நிற்பது தலைக்குக் குளித்த நாள். அதைச் சொன்னால் மூன்று முதல் ஐந்து நாள் தவறிவிடும். இரண்டு நாள் லேசாகத் திட்டுப்பட்டு நின்றிருந்தால் அது மாதவிடாயாகவே இல்லாமல் இருக்கலாம். கரு ஒட்டும்போதும் அப்படிப் படும். அப்போது கணக்கே ஒரு மாதம் பிசகும். தேதி மறந்தவர்கள் தைப்பூசத்துக்கு முன்னா பின்னா, சம்பள நாளுக்கு முன்னா என்று யோசித்துப் பார்க்கலாம். பதிவின்போது இதையெல்லாம் நிதானமாகக் கேட்க வேண்டும். வரிசை நீளம் என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்கள். தேதியைத் திருத்தினாலும் பிங்க் புத்தகத்தில் (கர்ப்பிணியின் பதிவுப் புத்தகம்) பழைய தேதியை அடிக்காமல் விடுகிறார்கள். அடுத்து பார்ப்பவர் எதைப் படிப்பார்?

தோட்டத்துக்கு வந்து ஸ்கேன் பேக்கேஜ் விற்கும் ஏஜெண்டுகளிடம் கவனமாக இருங்கள். படம் அழகாக இருக்கும், தேதிக்கு உதவாது. அக்டோபர் 4-ஐப் பிடித்துக்கொண்டு 11-ஆம் தேதி, "நாள் தாண்டிவிட்டது, ஆபரேஷன் செய்யலாம்" என்று யாராவது பயமுறுத்தினால், அன்று உங்களுக்கு 38 வாரம் 5 நாள்தான் என்பதைச் சொல்லுங்கள். நல்ல நேரம் பார்த்துக் கத்தி வைக்கச் சொல்பவர்களுக்கும் இதே பதில். காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் பிள்ளை மூச்சுக்குத் திணறலாம்.

மலேசியச் சட்டப்படி சம்பளத்தோடு கிடைக்கும் பிரசவ விடுப்பு 98 நாள். அதைப் பிரசவத்துக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகத் தொடங்க முடியாது. அக்டோபர் 4 என்ற தவறான தேதியை வைத்து எடுத்தால் பிள்ளையோடு இருக்க வேண்டிய 16 நாள் போய்விடும். விடுப்புக் கடிதத்திலும் அக்டோபர் 20 என்றே எழுதுங்கள். புத்தகத்தில் பழையதை அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அக்டோபர் 27-ஆம் தேதிவரை வலி வராவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளையின் அசைவு குறைந்தால், தண்ணீர் உடைந்தால், இரத்தம் பட்டால் எந்தத் தேதியையும் பார்க்காமல் அப்போதே கிளம்புங்கள்.