விளக்கு அணைந்தது, பிரேக் ஆயில் எங்கே போனது?

கேள்வி: மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். என்னிடம் இருப்பது 2009 பெரோடுவா மைவி கார், ஆட்டோ கியர். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும்போது, தோட்டத்துப் பாதை வளைவுகளில் மீட்டரில் சிவப்பு பிரேக் விளக்கு மினுக்கிவிட்டு அணைகிறது. ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்கித்தான் ஓட்டுகிறேன். டயர் கடைத் தம்பி பிரேக் ஆயிலை நிரப்பிக் கொடுத்தார், விளக்கு வரவில்லை. ஒரு மாதத்தில் மறுபடியும் வந்துவிட்டது. கோலா பிலா வழியாக அடிக்கடி சிரம்பான் போக வேண்டியிருக்கிறது. இப்படியே ஆயில் ஊற்றி ஓட்டலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே இருப்பது. அது குறைந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் பிஸ்டன் வெளியே தள்ளி வரும். அந்த இடத்தை நிரப்ப, போனட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் இருந்து ஆயில் இறங்கும். இது மாதக்கணக்கில் மெல்ல நடக்கிற காரியம். இன்னொன்று ஒழுகல். நிரப்பிய டப்பா ஒரே மாதத்தில் இறங்கிவிட்டது என்கிறீர்களே, அதைப் பேட் தேய்மானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒழுகல் என்றே வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

வளைவில் மட்டும் மினுக்குவது ஏன்? டப்பாவுக்குள் காந்தம் வைத்த ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் இறங்கினால் மிதவையும் இறங்கி விளக்கை ஏற்றிவிடும். அளவு விளக்கு எரிகிற மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்போது வண்டி சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். மிதவை தாழும், நிமிரும். ஆக, விளக்கில் கோளாறு இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன் நீங்களே சிலதைப் பார்க்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் போனட்டைத் திறங்கள். ஓட்டுநர் பக்கம், கண்ணாடியை ஒட்டினாற்போல் மங்கலான வெள்ளை டப்பா தெரியும். அதில் மேக்ஸ் (அதிக அளவு), மின் (குறைந்த அளவு) என்று இரண்டு கோடுகள். தூசியைத் துடைத்துவிட்டு, இன்றைய அளவில் ஒரு துண்டு டேப் ஒட்டிவையுங்கள். மறுநாள் காலை அது டேப்புக்குக் கீழே போயிருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறகு நான்கு டயரின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். குறிப்பாகப் பின் டயர்கள். உங்கள் வண்டியில் பின்னால் டிரம் பிரேக். அதற்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் பம்ப்பின் ரப்பர் வயதாகிக் கசிந்தால், டயரின் உள்சுவரில் ஈரக்கோடு இறங்கியிருக்கும். செம்மண் பாதையில் ஓடும் வண்டியில் அந்த ஈரத்தின் மேல் மண் அப்பிக்கொண்டு கசிவை மறைத்துவிடும். அதனால் முதலில் தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிட்டுப் பாருங்கள். ஏர்கான் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், விரலில் வழுவழுப்பு இல்லையென்றால் அது வெறும் தண்ணீர். டயரில் ஒன்றும் இல்லையா? பிரேக் மிதிக்கு மேலே, உள்பக்கம் கைவைத்துப் பாருங்கள். மிதியை அழுத்தும்போது ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் பம்ப் பின்பக்கமாகக் கசிந்தால் அங்கேதான் ஈரம் வரும்.

கடைசியாக, எஞ்சின் ஓட, வண்டி நிற்க, மிதியை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் பிடியுங்கள். கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினாலோ, மிதி பஞ்சுபோல் அமுங்கினாலோ அந்த வண்டியை வாசலைத் தாண்டி எடுக்காதீர்கள். இழுவை லோரியைக் கூப்பிடுங்கள். பல காப்புறுதிகளில் அந்த உதவி சேர்ந்தே இருக்கும்.

ஒர்க்‌ஷாப்பில் "ஆயில் ஊற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "ஆயில் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நான்கு சக்கரத்தையும் கழற்றி, பின் டிரம்மையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வீல் பம்ப் கசிந்து பிரேக் ஷூ நனைந்திருந்தால், துடைத்துப் போடுகிறேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பக்கமும் புது ஷூ போட வேண்டும். புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், முன்பு ஊற்றிய ஆயில் பொங்கி வழியும். பெயிண்டில் பட்டால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பிரேக் ஆயிலின் தர வகை டாட் 3-ஆ டாட் 4-ஆ என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 சிலிக்கான் வகை, இதோடு சேராது. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பரெல்லாம் ஊதிப்போகும். கடையில் பாதி தீர்ந்து திறந்து கிடக்கும் புட்டியும் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு வந்துவிடும். நீங்கள் சிரம்பான் போகும் வழியில் உள்ள புக்கிட் புத்துஸ் மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பழைய ஆயில் கொதித்து ஆவியாகி மிதி பொசுக்கென்று உள்ளே போகலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் டி-யிலேயே விடாமல் கீழ் கியருக்கு இறக்குங்கள். நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. நாமாகத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

ஓடும்போது விளக்கு நிலையாக எரிந்தால், பின்னால் வரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு மிதியை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் ஓரம் கட்டி நிறுத்தி டப்பாவைப் பாருங்கள். மிதி உள்ளே போனால் படபடவென்று மிதித்துக்கொண்டே கியரை இறக்கி, ஹேண்ட்பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். நிற்கும்வரை எஞ்சினை அணைக்காதீர்கள், அணைத்தால் மிதி கல்லாகிவிடும்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.