சேலத்துல எங்க?

தம்பி, சேலம் சூரமங்கலத்திலிருந்து இங்கிலாந்தில் நான் இருக்கும் பிரிஸ்டலுக்குப் படிக்க வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். குக்கர் கொண்டுவரலாமா, அறை வாடகை எவ்வளவு, வெள்ளைக்காரர்கள் நம்மை மட்டமாகப் பார்ப்பார்களா என்று மூன்று கேள்வி. குக்கர் கொண்டுவாங்க. வாடகையைப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள், என் காலத்துக் கணக்கு இன்றைக்குச் செல்லாது.

மூன்றாவதுதான் விஷயம். வெள்ளைக்காரர்களில் சிலர் பார்ப்பார்கள்தான். ஆனால் உங்களை முதலில் எடைபோடப் போவது நம்ம ஆட்கள். நான் வந்த புதிதில் ஒரு பொங்கல் விழாவில் ஒருவர், "சேலமா? சேலத்துல எங்க?" என்றார். அம்மாபேட்டை என்றேன். "ஓ, தறியா?" என்று வடையைப் பிய்த்துக்கொண்டே பக்கத்து ஆளிடம் திரும்பிவிட்டார். அவர் சேலத்துப் பணக்கார ஏரியாவான ஃபேர்லேண்ட்ஸாம். இந்த விசாரணை ஏரியாவில் தொடங்கி, அப்பா தொழில், குலசாமி கோயில் என்று போய் சாதியில்தான் நிற்கும். தறி வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்கு வெட்கமே கிடையாது. நான் இங்கே வீடு வாங்கிய பிறகு அதே மனிதர் மகன் கல்யாணத்துக்கு வெண்பட்டு வேட்டி கிடைக்குமா என்று போன் பண்ணினார். வாங்கிக் கொடுத்தேன், முழு விலைக்கு.

இங்கே விசாவும் ஒரு சாதி. மேலே பாஸ்போர்ட்காரர், அப்புறம் பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு வாங்கியவர், வேலை விசா, உங்களைப் போல மாணவர். அடியில் கேர் விசா, அதாவது முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் வேலைக்கு வந்தவர்கள். 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தைக் கூட்டிவருவதை அரசு தடுத்தது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் வாட்ஸப் குழுவில் கைதட்டல் படம் போட்டவர்களில் பாதிப்பேர் இதே ஊரில் ஓட்டலில் தட்டு கழுவியவர்கள். "இவங்களாலதான் நம்ம பேரே கெடுது" என்று எழுதியவரின் மாமனாரைக் குளிப்பாட்டிவிடுவது ஒரு கேர் விசாப் பெண்.

இது ஒன்றும் நம்மவர் கண்டுபிடிப்பு இல்லை. 1963 வரை பிரிஸ்டல் பஸ்ஸில் கறுப்பரையோ ஆசியரையோ டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். கம்பெனி மட்டுமல்ல, கூட வேலை பார்த்த சங்கத்துக்காரர்களே 1955இல் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஓவர்டைம் காசு குறைந்துவிடுமே என்ற பயம். 1963இல் பால் ஸ்டீபன்சன் என்ற கறுப்பின இளைஞர் முன்னின்று நடத்திய பஸ் புறக்கணிப்பு நாலு மாதம் நீடித்தது. ஆகஸ்டில் கம்பெனி பணிந்தது, செப்டம்பரில் முதல் கண்டக்டராக ஏறியவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். உச்சியில் உட்கார்ந்திருப்பவனுக்கு நம்மைப் பற்றி நினைப்பே இருக்காது தம்பி. நேற்று ஒரு படி ஏறியவன்தான் கீழ்ப்படியில் இருப்பவன் கையை மிதிப்பான்.

அரிசி, புளி எதையும் பெட்டியில் அடைக்காதீங்க, இலங்கைத் தமிழர் கடையில் எல்லாம் கிடைக்கும். அந்த நாளில் அப்படி ஒரு கடைக்காரர், என் ஊரைக்கூடக் கேட்காமல் ஒரு மூட்டை அரிசியைக் கடனாகத் தூக்கிக் கொடுத்தார். தன் ஆட்களை யாழ்ப்பாணத்துப் பகுதிகளைச் சொல்லித் தீவு, வடமராட்சி என்று பிரித்துப் பிரித்துப் பேசுவார், அது வேறு. சேலம் அவர் கணக்கிலேயே வரவில்லை.