இரவல் திரையில் சொந்தப் போன்: வாசகர் கேள்வி-பதில்

தங்கும் விடுதி அறையில் டிவி, அலுவலகக் கூட்ட அறையில் மானிட்டர், நூலக அரங்கில் புரொஜெக்டர். எங்கே போனாலும் ஒரு பெரிய திரை இருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் போனை அதில் காட்ட முடியவில்லை என்பதுதான் இம்முறை வந்த கேள்விகளில் பாதி. மீதிப் பாதி, காட்டிவிட்டோமே, வம்பு ஏதும் வருமா என்ற கவலை.

கேள்வி: என் போனில் டைப்-சி. அலுவலக மானிட்டரிலும் டைப்-சி. கேபிளை மாட்டினால் சார்ஜ் ஏறுகிறது, படம் மட்டும் வரவில்லை. மானிட்டர் பழுதா?

மானிட்டரைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும்தான்; உள்ளே என்னென்ன கம்பிகள் ஓடுகின்றன என்பது கேபிளுக்குக் கேபிள் மாறும். போன் பெட்டியோடு வரும் கேபிள் பெரும்பாலும் சார்ஜ் போடுவதற்கானது. மின்சாரமும் யுஎஸ்பி 2.0 அளவு டேட்டாவும் போகும், படத்துக்கு வேண்டிய அதிவேகக் கம்பிகள் அதில் இருக்காது. ஐபோன் 15-இல்கூட இதே கூத்து: போன் 4கே படத்தை வெளியே அனுப்பும், பெட்டியில் இருக்கும் கேபிள் அதைச் சுமக்காது.

கேபிளை மாற்றியும் வரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் போன் மேல். டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் வசதிக்கு டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு என்று பெயர். 2014-இல் அறிவிக்கப்பட்டது. தயாரிப்பாளர் விரும்பினால்தான் வைப்பார். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் வைப்பதில்லை. உங்கள் போனின் விவரக் குறிப்பில் ‘டிஸ்பிளேபோர்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். வெறும் ‘யுஎஸ்பி 2.0’ என்று மட்டும் இருந்தால் நம்பிக்கை குறைவு. (சாதா ஐபோன் 15 இதற்கு விதிவிலக்கு. டேட்டா வேகம் 2.0 தான், ஆனாலும் படம் வரும்.)

அந்த வசதி இல்லாத போனுக்கு, சாதாரண டைப்-சி–எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் எத்தனை வாங்கினாலும் பயனில்லை. டிஸ்பிளேலிங்க் வகை அடாப்டர் ஒன்று உண்டு: போனில் ஒரு ஆப் போட்டால், படத்தைச் சுருக்கி டேட்டாவாக அனுப்பும். ஸ்லைடு காட்டப் போதும், சினிமாவுக்கு ஆகாது. அதற்குச் செலவழிப்பதைவிட ஒயர்லெஸ்ஸுக்குப் போய்விடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: ஹப் (ஒரே துளையைப் பலவாக்கும் பெட்டி) மூலம் மாட்டினால் படம் வருகிறது. ஆனால் மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்கிறதே?

4கே-யில் 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. டைப்-சியில் இருக்கும் நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டை யுஎஸ்பி 3-க்குக் கொடுத்துவிட்டு மீதி இரண்டில் படம் அனுப்பும் ஹப்கள் நிறைய. முடிந்தால் அமைப்பில் 1080பி-க்கு இறக்குங்கள், 60 ஹெர்ட்ஸ் திரும்பிவிடும்.

கேள்வி: விடுதி டிவியும் என் போனும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் கேஸ்ட் (போனிலிருந்து டிவியில் படம் ஓட்டும் வசதி) பட்டியலில் டிவி பெயர் வரவே மாட்டேன் என்கிறது.

ஒரே வைஃபைதான், ஆனால் இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். விருந்தினர் வைஃபைகளில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பது வழக்கம். அது இல்லையென்றால் பக்கத்து அறைக்காரர் போடும் பாட்டு உங்கள் டிவியில் ஒலிக்கும். கேஸ்ட் வேலை செய்ய, போன் முதலில் “இங்கே யார் இருக்கிறீர்கள்?” என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலை ரவுட்டர் விழுங்கிவிடுகிறது. சில விடுதிகளில் டிவித் திரையிலேயே ஒரு கியூஆர் கோடு தெரியும். அதை ஸ்கேன் செய்தால் உங்கள் போனையும் அந்த அறை டிவியையும் மட்டும் இணைத்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால், கூட வந்தவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு டிவியையும் உங்கள் போனையும் அதில் சேருங்கள். டேட்டா கரையும், பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் திரையை ஒயர்லெஸ்ஸில் டிவியில் காட்டும் முறை ஒன்று உண்டு, மிராகாஸ்ட். 2012-இல் வந்த அதற்கு வைஃபை ரவுட்டரே தேவையில்லை. போனும் டிவியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஆனால் ஐபோனில் அது கிடையாது, கூகுள் பிக்சலிலும் கிடையாது. மற்ற ஆண்ட்ராய்டுகளில் ‘ஸ்மார்ட் வியூ’, ‘ஒயர்லெஸ் டிஸ்பிளே’ என்று ஆளுக்கொரு பெயரில் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று. கேஸ்ட் வேறு, மிரரிங் வேறு. கேஸ்டில் படத்தின் இணைய முகவரியை மட்டும் போன் டிவியிடம் கொடுக்கிறது. படத்தை டிவியே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். போனைப் பையில் போட்டுவிடலாம். மிரரிங்கில் திரையில் தெரிவது அத்தனையையும் போன் நொடிக்கு நொடி வீடியோவாக்கி அனுப்புகிறது. “படம் பார்த்தால் போன் கொதிக்கிறது” என்று எழுதியிருந்த இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: கேபிள் வழியாக எல்லாம் தெரிகிறது. சினிமா ஆப்பைத் திறந்தால் மட்டும் சத்தம் வருகிறது, திரை கறுப்பு.

எச்டிசிபி என்னும் நகல் தடுப்புப் பூட்டு. போன், அடாப்டர், திரை மூன்றும் அந்தப் பூட்டின் மொழி பேச வேண்டும். ஒன்று ஊமையானாலும் படம் நிற்கும். பழைய புரொஜெக்டர்களில் அடிக்கடி நடக்கும். ஆப்பில் கேஸ்ட் பட்டன் இருந்தால் அந்த வழியில் போங்கள்.

கேள்வி: கூட்ட அறைத் திரையில் என் சொந்தப் போனை மாட்டச் சொல்கிறார்கள். என் போட்டோ, மெசேஜ் எல்லாம் அதில் தங்கிவிடுமா?

எச்டிஎம்ஐ கேபிள் என்றால் நிம்மதியாக மாட்டுங்கள். படமும் ஒலியும் திரைக்குப் போகும். திரை பதிலுக்குத் தன் பெயரையும், எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும் என்பதையும் சொல்லும். உங்கள் கேலரிக்குள் எட்டிப் பார்க்க அதற்கு வழியில்லை. நேரடி டைப்-சி மானிட்டரில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: அதற்குள் யுஎஸ்பி ஹப்பும் இருக்கலாம், டேட்டா போகும் பாதையும் திறந்திருக்கும். “இந்தச் சாதனத்தை நம்பலாமா?”, “ஃபைல்களை அனுமதிக்கலாமா?” என்று போன் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் அதனால் நிற்காது.

உண்மையான ஆபத்து திரையில் இல்லை, நம் போனிலேயே இருக்கிறது. ஒருமுறை நான் அரங்கு நிறைந்த கூட்டத்தில் ஸ்லைடு ஓட்டிக்கொண்டிருந்தபோது, கடன் தவணை பாக்கி என்று ஒரு மெசேஜ் மேலிருந்து இறங்கி, தொகையோடு பத்தடி அகலத்தில் நின்றது. அன்று பேசிய விஷயம் யாருக்கும் நினைவிருக்காது, அந்தத் தொகை நினைவிருக்கும். அதிலிருந்து ஸ்லைடுகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, ஏரோப்ளேன் மோடு போட்டு, அதன்பிறகுதான் கேபிளைத் தொடுவேன்.

ஒயர்லெஸ்ஸில் வேறொரு சிக்கல், பெயர்க் குழப்பம். பட்டியலில் ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து திரைகள் தெரியும். தவறாகத் தொட்டால் அடுத்த அறைக் கூட்டத்தில் உங்கள் போன் தெரியும். திரையில் வரும் எண்ணை ஒப்பிடாமல் சம்மதம் தராதீர்கள்.

பொது டிவியில் உங்கள் கணக்கில் உள்நுழையவே வேண்டாம். கேஸ்டுக்கு அது தேவையும் இல்லை. நுழைந்துவிட்டு வெளியேற மறந்து ஊர் திரும்பியிருந்தால், கணக்கு அமைப்பில் ‘சாதனங்கள்’ பட்டியலைத் திறந்து அந்த டிவியை அங்கிருந்தே வெளியேற்றலாம்.

கேள்வி: லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டு, போன், கீபோர்டு, கிடைக்கும் திரை என்று பயணம் போகலாமா?

பழைய கனவு. 2011-இல் மோட்டோரோலா ஏட்ரிக்ஸ் முயன்றது, 2015-இல் மைக்ரோசாஃப்ட் கன்டினியூம் முயன்றது, இரண்டும் நிலைக்கவில்லை. 2017-இல் கேலக்ஸி எஸ்8-உடன் வந்த, போனைப் பெரிய திரையில் கணினி போலக் காட்டும் சாம்சங் டெக்ஸ்தான் நின்றது. மின்னஞ்சல், கட்டுரை, ஸ்லைடு என்றால் தாராளமாகப் போகலாம். நான்கு விண்டோவில் கணக்குப் பார்ப்பவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஐபோன் பொதுவாகத் தன் திரையை அப்படியே பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

இருக்கும் ஒரே துளையைத் திரை பிடித்துக்கொள்ளும் என்பதால் சார்ஜும் ஏற்றும் ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள். தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: வெளிக் கீபோர்டு மாட்டியதும் திரைக் கீபோர்டு ஒதுங்கிவிடும், கூடவே நீங்கள் பழகிய தமிழ்த் தட்டச்சும் காணாமல் போகலாம். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வேலை செய்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை டிவியில் மாட்டினேன். ஓரங்கள் வெட்டுப்படுகின்றன. சில நேரம் தானாக அணைந்தும் போகிறது.

ஓரம் வெட்டுவது பழைய குழாய் டிவிக் காலத்துப் பழக்கம். புது டிவிகளும் விடவில்லை. படத்தின் அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என ஏதோ ஒரு பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பை 4 என்றால், மின்சாரத் துளைக்கு அருகில் இருக்கும் எச்டிஎம்ஐயில் முதலில் மாட்டுங்கள்.

அணைவதற்குக் காரணம், டிவியின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பை 4 கேட்பது 5 வோல்ட், 3 ஆம்பியர். டிவித் துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கொடுக்கும். தனி அடாப்டர் போடுங்கள்.

கேள்வி: தலைகீழாக, என் டேப்லெட்டையே ராஸ்பெரி பைக்குத் திரையாக்க முடியுமா?

முடியும். எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு (எச்டிஎம்ஐ படத்தை யுஎஸ்பி வழியாக உள்ளே அனுப்பும் கருவி) வாங்கி மாட்டினால், டேப்லெட் அதை வெப்கேம் என்று நினைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் யுஎஸ்பி கேமரா ஆப் ஒன்று போதும்; டைப்-சி உள்ள ஐபேடில் ஐபேட்ஓஎஸ் 17 முதல் முடிகிறது. லேசான தாமதம் இருக்கும். கேம் ஆட ஆகாது, அமைப்புகளைச் சரிசெய்யப் போதும்.