கொரோனா முடிந்தும் நர்ஸ்களுக்கு ஏன் இன்னும் தூக்கம் வருவதில்லை?

ஈரோட்டில் நர்ஸாக இருக்கும் உங்கள் அக்காவுக்கு மானிட்டர் சத்தம் கேட்டாலே இன்றும் நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கமில்லை, இது பலவீனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க.

2021 மே கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. அப்போது கோவையில் ஒரு கொரோனா வார்டில் எனக்கு இரவுப் பணி. கவச உடை போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது. கழற்றும்போது கையுறைக்குள் விரல்கள் ஊறிச் சுருங்கியிருக்கும். அதையெல்லாம் உடம்பு மறந்துவிட்டது. மறக்காதது வேறு. ஒரு பெரியவர், "அம்மிணி, ஊட்டுக்கு ஒரு போன் போட்டுக் குடு கண்ணு" என்றார். "இதா வர்றேனுங்க" என்று அடுத்த படுக்கைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் பேசும் நிலையில் இல்லை.

செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போகும்போது மனதில் விழும் இந்த அடியை உளவியலில் அறக்காயம் என்பார்கள். வெறும் களைப்பு என்றால் லீவு போட்டால் குறையும். இதன் வேர் குற்ற உணர்ச்சி. அதோடு, மாதக்கணக்கில் அலாரம் கேட்டு ஓடிப் பழகிய உடம்பு, ஆபத்தே இல்லாதபோதும் விழித்துக்கொள்கிறது.

எங்களைப் பாராட்டி ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டரில் பூத்தூவினார்கள், சரி. என் வீட்டு ஓனரோ பொதுக்குழாயைத் தொடாதே என்றார். அதுவும் உள்ளே தங்கிவிடும்.

"அதான் முடிஞ்சுதே" என்று மட்டும் அக்காவிடம் சொல்லாதீர்கள். அவர் பேசினால் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம். தமிழிலேயே பேசலாம், நைட் டியூட்டி முடிந்து எந்த நேரத்திலும்.